தவிர்க்காமல் கேளுங்கள்: ஜப்பானிய ஆர்.பி.ஜி., அனிமே பாடல்களுக்குள் நுழைய ஒரு வழி

போன கோடை விடுமுறையில் அண்ணன் மகள் எங்கள் வீட்டில் பத்து நாள் இருந்தாள். ‘டீமன் ஸ்லேயர்’ என்ற அனிமேவை, அதாவது ஜப்பானிய அசைபடத் தொடரை, ஒரே மூச்சில் பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தியாயம் தொடங்கியதும் அவள் கட்டைவிரல் தானாகப் போய் முகப்பைத் தவிர்க்கும் பொத்தானை அழுத்திவிடும். முடியும்போதும் அப்படித்தான், பெயர்கள் ஓடத் தொடங்கும் முன்பே அடுத்த அத்தியாயம் வந்துவிடும். 19-ஆம் அத்தியாயம் வந்தது. சண்டை உச்சத்தில் இருக்கும்போது ஆயுதச் சத்தங்களுக்கு மேலே ஒரு பெண்குரல் தாலாட்டு மாதிரி எழும்புகிறது. அவள் கை அசையவே இல்லை. கடைசிப் பெயர் ஓடி மறையும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு, “சித்தப்பா, இது என்ன பாட்டு? இந்த மாதிரிப் பாட்டெல்லாம் எங்கிருந்து கேட்க ஆரம்பிக்கிறது?” என்றாள்.

அன்று அவளுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். ஜப்பானியத் தொலைக்காட்சித் தொடர்களின் பாடல்களும், ஆர்.பி.ஜி. என்று சொல்லப்படும் கதை வீடியோ விளையாட்டுகளின் பாடல்களும் கதையோடு சேர்த்துக் கட்டப்பட்டவை. அவற்றைத் தனியே பிரித்தெடுத்து வரிசையாக ஓடவிட்டால் பாதிதான் கேட்கும். மீதிப் பாதியும் கேட்க வேண்டுமென்றால் கீழே உள்ள வரிசையில் போய்ப் பாருங்கள்.

படி 1: ஒரே ஒரு தொடர், மூன்று அத்தியாயம், பொத்தானைத் தொடாமல்

நீங்கள் இப்போது பார்த்துக்கொண்டிருக்கும் தொடரையே எடுத்துக்கொள்ளுங்கள், புதிதாகத் தேட வேண்டாம். ஜப்பானில் அரை மணி நேர ஒளிபரப்பில் முகப்புப் பாடலுக்கு ஏறக்குறைய 90 விநாடி, நிறைவுப் பாடலுக்கு இன்னொரு 90 விநாடி என்பது பல காலமாக இருக்கும் கணக்கு. மூன்று அத்தியாயத்துக்கு மொத்தம் ஒன்பது நிமிடம். அவ்வளவுதான் நான் கேட்பது.

முதல் தடவை படத்தைப் பாருங்கள். இரண்டாவது தடவை படத்தின் வெட்டு எந்தத் தாளத்தில் விழுகிறது என்று பாருங்கள். மூன்றாவது தடவை கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். அதற்குள் மெட்டு உங்களுக்குத் தெரிந்திருக்கும், வாய் தானாக முணுமுணுக்கும்.

படி 2: நாலைந்து சொற்கள்

ரசிகர்கள் பேசிக்கொள்வது புரிய இவை போதும். முகப்புப் பாடல் ‘ஓ.பி.’, நிறைவுப் பாடல் ‘ஈ.டி.’. காட்சியின் நடுவே வருவது இடைச்செருகல் பாடல். தொலைக்காட்சிக்காக 90 விநாடிக்குச் சுருக்கிய வடிவம் ‘டிவி சைஸ்’, நாலு நிமிடம் ஓடும் முழுப்பாட்டு ‘ஃபுல்’. சுமார் 12, 13 அத்தியாயங்கள் கொண்ட மூன்று மாதத் தொகுதியை ‘கூர்’ என்பார்கள். நீண்ட தொடர்களில் ஒரு கூர் அல்லது இரண்டு கூர் முடிந்ததும் ஓ.பி.யும் ஈ.டி.யும் மாறும். அண்ணன் மகளைக் கட்டிப்போட்டது ‘கமாடோ டான்ஜிரோவின் பாட்டு’ என்ற பாடல். இடைச்செருகலாகத் தொடங்கி, அப்படியே அந்த அத்தியாயத்தின் நிறைவுப் பாடலாகவும் ஆகிவிடுகிறது.

படி 3: பாட்டின் உடம்பைத் தெரிந்துகொள்ளுங்கள்

நம் சினிமாப் பாட்டில் பல்லவி முதலிலேயே வந்து நிற்கும். பாட்டின் முகம் அதுதான். அப்புறம் இடையிசை, சரணம், மறுபடி பல்லவி. இந்தப் பழக்கத்தோடு ஜப்பானியப் பாட்டைக் கேட்கிறவர்கள் முதல் முப்பது விநாடியில் ‘ஒன்றும் பிடிபடவில்லையே’ என்று நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்த வேண்டாம். அங்கே பாட்டின் முகம் மூன்றாவதாக வரும்.

அவர்கள் முதல் பகுதியை ‘ஏ-மெலோ’ என்கிறார்கள். அது தணிந்த குரலில், பேச்சு மாதிரி போகும். அடுத்தது ‘பீ-மெலோ’. இங்கே மெட்டு கொஞ்சம் திரும்பும், ஏதோ வரப்போகிறது என்று காத்திருக்க வைக்கும். பிறகு வருவது ‘ஸபி’. ஊரே சேர்ந்து பாடுவது அந்த இடத்தைத்தான். டிவி சைஸில் இந்த மூன்றும் ஒரு சுற்றுதான் வரும். அதனால்தான் 90 விநாடியில் ஒரு முழுப் பயணம் போய் வந்த மாதிரி இருக்கிறது.

1995-இல் வந்த ‘எவாஞ்சலியன்’ தொடரின் முகப்புப் பாடலை எடுத்துப் பாருங்கள். பாடியவர் யோகோ தகஹாஷி. தாளம் முழுதாக இறங்குவதற்கு முன் ஒரு வரியை நிதானமாக நீட்டிப் பாடுகிறார். நம் ஊர்த் தொகையறா மாதிரியே. பிறகு தாளம் பாய்கிறது, ஏ-மெலோ, பீ-மெலோ, ஸபி. அந்த ஸபி முடியும் இடத்தில், தொகையறாவில் கேட்ட அதே வார்த்தைகள் இப்போது முழு வாத்தியங்களோடு திரும்பி வருகின்றன. தொடக்கத்தில் ஆசீர்வாதம் மாதிரி ஒலித்தது, முடிவில் கட்டளை மாதிரி ஒலிக்கும். ஒரு தடவை இதைக் கவனித்துவிட்டால் மற்றப் பாடல்களிலும் அந்த மூன்று பகுதிகளைக் காது தானாகப் பிரித்துக்கொள்ளும்.

இன்னொன்றும் கேட்கும். பழைய ஜப்பானியப் பாடல்கள் பலவற்றில் ‘யொனாநுகி’ என்ற ஐந்து சுர வரிசை இருக்கும். அது ச ரி க ப த. ஆமாம், நம் மோகனம்தான். சில மெட்டுகள் முதல் தடவையிலேயே எங்கோ கேட்ட மாதிரி நெருங்கி வருவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நான் நம்புகிறேன்.

படி 4: பாட்டு எந்த இடத்தில் நிற்கிறது என்று பாருங்கள்

இந்தப் படியில்தான் நிறைய நேரம் செலவிடச் சொல்வேன்.

1987-இல் வந்த ‘சிட்டி ஹன்டர்’ தொடரின் நிறைவுப் பாடல் ‘கெட் வைல்ட்’. பாடியது டிஎம் நெட்வொர்க் என்ற மூவர் குழு. அந்தக் காலத்தில் கதை முடிந்ததும் திரை கறுத்து, தனியாக நிறைவுப் பாடல் தொடங்குவதுதான் வழக்கம். இங்கே அப்படி இல்லை. கதாநாயகன் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறான், யாரிடமோ விடைபெறுகிறான், அந்தப் பேச்சுக்கு அடியிலேயே பாட்டின் முன்னிசை தணிந்து தொடங்கிவிடுகிறது. அவன் திரும்பி நடக்கிறான். படம் ஓவியம் போல அப்படியே உறைந்து நிற்கிறது. அதன் மேல் பாட்டு விரிகிறது. பார்க்கிறவருக்குக் கதை எப்போது முடிந்தது, பாட்டு எப்போது தொடங்கியது என்று சொல்ல முடியாது. இன்றைக்குப் பல தொடர்கள் கடைசிக் காட்சியிலேயே ஈ.டி.யைத் தொடங்கிவிடுகின்றன. அதை மனதில் பதியும்படி செய்துகாட்டிய தொடர் என்று ‘சிட்டி ஹன்டர்’ பெயரைத்தான் ரசிகர்கள் இன்றும் முதலில் சொல்கிறார்கள்.

‘மடோகா மஜிகா’வில் இது வேறு மாதிரி நடக்கிறது. 2011-இல் வந்த 12 அத்தியாயத் தொடர். முகப்புப் பாடல் ‘கனெக்ட்’, பாடியது க்ளாரிஸ். மாயசக்தி பெறும் சிறுமிகளைப் பற்றிய தொடர் என்றால் எப்படி ஒரு பாட்டை எதிர்பார்ப்போமோ அப்படியே துள்ளலாக இருக்கும். ஒன்பது அத்தியாயம் வரை அதைக் கதாநாயகியின் பாட்டு என்றே நினைத்துக்கொண்டிருப்பீர்கள். 10-ஆம் அத்தியாயத்தில் அந்தப் பாட்டு தொடக்கத்தில் வராது, கடைசியில் வரும். அதற்குள் நீங்கள் பார்த்துவிட்டிருக்கும் விஷயங்களோடு அதே வரிகளைக் கேட்கும்போது இது யார், யாருக்குக் கொடுத்த வாக்கு என்று தெரிந்துவிடும். மெட்டில் ஒரு சுரம்கூட மாறவில்லை, கேட்கிற நீங்கள்தான் மாறியிருக்கிறீர்கள். தயவுசெய்து முழுப்பாட்டின் மொழிபெயர்ப்பை அதற்கு முன் தேடிப் படித்துவிடாதீர்கள்.

இதிலிருந்து ஒரு நடைமுறை அறிவுரை: ஓ.பி. வழக்கமான இடத்தில் வராமல் போனாலோ, கடைசிக்குத் தள்ளிப் போனாலோ, படங்கள் சற்றே மாறினாலோ, அந்த அத்தியாயத்தில் ஏதோ பெரிதாக நடக்கிறது என்று அர்த்தம். முதல் அத்தியாயத்திலும் கடைசி அத்தியாயத்திலும் பாடலைக் கடைசியில் வைப்பது பல தொடர்களில் வழக்கம். பொத்தானை அழுத்திக்கொண்டே போனால் இது எதுவும் தெரியாது.

படி 5: விளையாட்டுகளுக்குள் போகலாம்

தொலைக்காட்சிப் பாடலுக்கு 1963-இலிருந்தே வரலாறு உண்டு. ஒசாமு தெஸுகாவின் ‘ஆஸ்ட்ரோ பாய்’ அந்த ஆண்டு ஜனவரி 1 அன்று தொடங்கியபோது அதன் முகப்பு இசைக்குப் பாட்டு வரிகள் கிடையாது, வெறும் வாத்தியம்தான். ஷுன்டாரோ தனிகாவா என்ற கவிஞர் எழுதிய வரிகள் பிறகுதான் சேர்ந்தன. விளையாட்டுகளும் இதே பாதையில்தான் வந்தன: முதலில் மெட்டு, ரொம்ப காலம் கழித்துக் குரல்.

அதனால் விளையாட்டுப் பக்கம் வருகிறவர்கள் குரல் இல்லாத பாடல்களிலிருந்து தொடங்குவது நல்லது. 1986-இல் ‘டிராகன் குவெஸ்ட்’ வந்தது. இசை கொய்ச்சி சுகியாமா. அவர் முன்பு ஃபுஜி தொலைக்காட்சியில் நிகழ்ச்சி இயக்குநராக இருந்தவர், தொடர்களுக்கும் இசை அமைத்தவர். ஃபேமிகாம் என்ற நின்டெண்டோவின் வீட்டு விளையாட்டுக் கருவியில் மெட்டுக்கு மூன்று குரல், தாளத்துக்கு ஒரு இரைச்சல் குரல், அவ்வளவுதான் முக்கியமாகக் கையிலிருந்தது. அதை வைத்துக்கொண்டு ஒரு அணிவகுப்பு இசையை எழுதினார். விளையாட்டை ஏற்றியதும் ஒலிப்பது அதுதான். 2021 ஜூலை 23 அன்று டோக்கியோ ஒலிம்பிக் தொடக்க விழாவில் நாடுகளின் அணிவகுப்புக்கு முழுக்க விளையாட்டு இசையைத்தான் பயன்படுத்தினார்கள். முதலில் ஒலித்தது இந்த ‘டிராகன் குவெஸ்ட்’ முகப்பு இசை. மேரி கோமும் மன்பிரீத் சிங்கும் கொடி ஏந்தி வந்தபோது பின்னால் ஓடிக்கொண்டிருந்ததும் விளையாட்டு இசைதான். அன்று நம்மில் எத்தனையோ பேர் அது எந்த இசை என்று தெரியாமலே கேட்டிருக்கிறோம்.

அடுத்த வருடம், 1987-இல், முதல் ‘ஃபைனல் ஃபேன்டஸி’. இசை நொபுவோ உவேமட்சு. அதில் எனக்கு மிகவும் பிடித்த ஓர் இடம் உண்டு. விளையாட்டைத் தொடங்கியதும் முகப்பு இசை முழுதாக வருவதில்லை. நீங்கள் ஊரைச் சுற்ற வேண்டும், கோவிலுக்குப் போய் இளவரசியை மீட்க வேண்டும், அதற்கு நன்றியாக அரசர் உடைந்த பாலத்தைக் கட்டிக்கொடுப்பார். அந்தப் பாலத்தில் கால் வைத்ததும் திரை மாறி, இனிமேல்தான் பயணம் தொடங்குகிறது என்று எழுத்துகள் வர, முகப்பு இசை அப்போதுதான் எழும். ஓ.பி.யை நீங்கள் சம்பாதித்தாக வேண்டும். தொலைக்காட்சியில் இதைச் செய்ய முடியாது. ஆடுகிறவர் நடந்தால்தான் பாட்டு வரும் என்பது விளையாட்டுக்கே உரியது.

குரல் எப்போது வந்தது? 1995-இல் ஃபேமிகாமின் அடுத்த தலைமுறைக் கருவியான சூப்பர் ஃபேமிகாமில் வந்த ‘டேல்ஸ் ஆஃப் ஃபேன்டேசியா’வைச் சொல்லாமல் போக முடியாது. அதற்கு முன்பே குறுந்தகட்டுக் கருவிகளில் விளையாட்டுப் பாடல்கள் உண்டு. ஆனால் இது கார்ட்ரிட்ஜ், கருவியில் செருகும் சிறிய சிப் பெட்டி. மொத்தக் கொள்ளளவு 48 மெகாபிட், அதாவது 6 மெகாபைட். இன்று கைபேசியில் எடுக்கும் ஒரு படத்தின் அளவுதான். அதில் உலகம் முழுவதையும், சண்டைகளையும், வசனங்களையும் வைத்துவிட்டு, யுகாரி யோஷிடா பாடிய முகப்புப் பாடலையும் வைத்தார்கள். ஒலிக்கான நினைவகம் வெறும் 64 கிலோபைட். குரலைத் துண்டுதுண்டாக அதற்குள் ஊட்டிக்கொண்டே இருந்தால்தான் பாட்டு நிற்காமல் ஓடும். கேட்டால் குரல் சற்றுக் கரகரவென்றுதான் இருக்கும். அந்தக் கரகரப்பு எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

சரி, முதலில் எதைக் கேட்பது? ‘ஃபைனல் ஃபேன்டஸி’ வரிசையின் 8, 9, 10 ஆகிய மூன்றையும் அடுத்தடுத்துக் கேட்கச் சொல்வேன். 1999, 2000, 2001 என்று வருடத்துக்கு ஒன்றாக வந்தவை.

8-இல் ‘ஐஸ் ஆன் மீ’. ஹாங்காங்கில் புகழ்பெற்ற ஃபே வாங் ஆங்கிலத்தில் பாடியது. கதைக்குள்ளேயே ஜூலியா என்ற பாத்திரம் ஒரு பியானோக் கலைஞர். அவர் எழுதிய பாட்டு இது என்பதுதான் கதை. எனவே ஜூலியா பியானோவில் வாசிக்கும் வடிவத்தை முதலில் கேட்டுவிட்டுப் பிறகு பாடலுக்கு வாருங்கள்.

9-இல் ‘மெலடீஸ் ஆஃப் லைஃப்’. பாடியவர் எமிகோ ஷிராடோரி. ஜப்பானியத்திலும் ஆங்கிலத்திலும் அவரே பாடியிருக்கிறார். கேட்கத் தொடங்குகிறவர் ஒரே ஒரு விளையாட்டுப் பாடலைத்தான் கேட்பேன் என்றால் இதைக் கொடுப்பேன். விளையாட்டில் ஊருக்கு வெளியே வந்து பரந்த நிலத்தில் நடக்கும்போது ஓர் இசை வரும். முப்பது, நாற்பது மணி நேர ஆட்டத்தில் அதை நூறு முறையாவது கேட்டுவிடுவீர்கள், வழித்துணை மாதிரி. இளவரசி கார்னெட் ஒரு பாட்டை முணுமுணுப்பாள், சிறுவயதில் எங்கே கற்றோம் என்று அவளுக்கே தெளிவாகத் தெரியாது. எல்லாம் முடிந்து கடைசியில் ஷிராடோரியின் குரல் எழும்போது, நடந்த நிலத்தின் இசையும் இளவரசி முணுமுணுத்ததும் இந்தப் பாட்டின் துண்டுகள்தான் என்று புரியும். கதை தொடங்கியதிலிருந்து உங்களுக்குச் சொல்லிக்கொண்டே வந்திருக்கிறார்கள். நான் அன்று கைப்பிடியைக் கீழே வைத்துவிட்டு வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

10-இல் ‘சுதெகி த நெ’. பாடிய ரிக்கி, அமாமித் தீவின் நாட்டுப்பாடல் மரபிலிருந்து வந்தவர். அமாமிப் பாட்டில் குரல் சட்டென்று மேலேறி மெலிந்த கள்ளக்குரலுக்குப் போய் வரும். அந்தப் பழக்கம் இதில் அங்கங்கே எட்டிப்பார்க்கிறது. ஆங்கிலப் பதிப்பிலும் இந்தப் பாடலை ஜப்பானியத்திலேயே விட்டுவைத்தார்கள். அதற்காகவே அவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

எல்லா விளையாட்டிலும் அப்படி விடுவதில்லை. ‘கிங்டம் ஹார்ட்ஸ்’ 2002-இல் வந்தபோது உதாடா ஹிகாரு ஜப்பானியத்தில் ‘ஹிகரி’ என்றும் ஆங்கிலத்தில் ‘சிம்பிள் அண்ட் க்ளீன்’ என்றும் இரண்டு பாடல்களாகப் பாடினார். ஒரே மெட்டு, ஆனால் வரிகள் மொழிபெயர்ப்பல்ல. ‘டேல்ஸ் ஆஃப் சிம்ஃபோனியா’வின் கேம்க்யூப் கருவிக்கான ஆங்கிலப் பதிப்பில் பாடலை எடுத்துவிட்டு வாத்திய இசை வைத்தார்கள். ‘ஃபைனல் ஃபேன்டஸி 13’-இன் வெளிநாட்டுப் பதிப்பில் லியோனா லூயிஸ் பாடிய வேறொரு பாட்டையே போட்டார்கள். அதனால் நீங்கள் ஆடியது எந்தப் பதிப்பு என்று பார்த்து, மற்றப் பதிப்பின் பாடலையும் ஒரு முறை தேடிக் கேளுங்கள்.

பாடல் வரி புரியாமல் எப்படி ரசிப்பது என்று தயங்குகிறவர்களுக்கு ‘நியர்’ விளையாட்டின் பாடல்களைச் சொல்வேன். எமி எவன்ஸ் அவற்றில் பலவற்றைத் தானே புனைந்த மொழிகளில் பாடுகிறார். ஜப்பானியருக்கும் அது புரியாது. அங்கே எல்லோரும் ஒரே வரிசையில்தான் நிற்கிறோம்.

படி 6: ஓடும் பெயர்களைப் படியுங்கள்

பாட்டு ஓடும்போது திரையோரத்தில் நான்கு சொற்கள் வரும். ‘சகுஷி’ என்பது வரிகள் எழுதியவர். ‘சக்யொகு’ மெட்டமைத்தவர். ‘ஹென்க்யொகு’ வாத்தியங்களைக் கோர்த்தவர். ‘உத’ பாடியவர். இந்தக் கோர்ப்பவரை நாம் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. ஜப்பானில் பெரும்பாலும் அவர் பெயரையும் சேர்த்தே போடுவார்கள்.

ஒரு பெயரைப் பிடித்துக்கொண்டு நடந்து பாருங்கள். அண்ணன் மகளோடு நான் அப்படித்தான் செய்தேன். ‘டீமன் ஸ்லேயர்’ முதல் பருவத்தின் நிறைவுப் பாடல் ‘ஃப்ரம் தி எட்ஜ்’. மெட்டும் வரிகளும் யுகி கஜியுரா. அந்தப் பெயரைத் தேடினால் ‘மடோகா மஜிகா’வின் பின்னணி இசையும், கலஃபினா குழு பாடிய அதன் நிறைவுப் பாடலும் அவருடையவை என்று தெரியும். இன்னும் பின்னால் போனால் 2006-இல் வந்த ‘ஜெனோசாகா’ மூன்றாம் பாகம். அது ஆர்.பி.ஜி. அப்புறம் அவளை உட்கார வைத்த ‘கமாடோ டான்ஜிரோவின் பாட்டு’க்கு இசை கோ ஷீனா. அவர் 2005-இல் ‘டேல்ஸ் ஆஃப் லெஜண்டியா’ என்ற ஆர்.பி.ஜி.க்கு இசை அமைத்தவர். ‘அட்டாக் ஆன் டைட்டன்’ முகப்பைப் பாடிய லிங்க்ட் ஹொரைஸன் குழுவின் பெயர் முதலில் வெளியே தெரிந்ததும் 2012-இல் ‘ப்ரேவ்லி டீஃபால்ட்’ என்ற ஆர்.பி.ஜி. வழியாகத்தான். தொலைக்காட்சிக்கும் விளையாட்டுக்கும் நடுவே நாம் போடும் சுவர் இந்தக் கலைஞர்களுக்கு இல்லை.

படி 7: எங்கே தேடுவது

ரொம்பப் பேர் தடுக்கி விழும் இடம் இது. தொடரின் பெயரோடு ‘ஓ.எஸ்.டி.’ என்று தேடி இசைத்தொகுப்பைத் திறப்பார்கள். உள்ளே நாற்பது பின்னணி இசைத் துண்டுகள் இருக்கும், பாடல் மட்டும் இருக்காது. காரணம் எளிது. முகப்புப் பாடல் பெரும்பாலும் பாடகரின் நிறுவனம் தனியாக வெளியிடும் சிங்கிள். தொடருக்குப் பாடலைக் கொடுத்து, பாடலைத் தொடர் வழியாக விற்பதை அங்கே ‘டை-அப்’ என்கிறார்கள். 1983-இல் ‘கேட்ஸ் ஐ’ தொடருக்காக அன்ரி பாடிய பாட்டு விற்பனைப் பட்டியலில் முதலிடத்துக்குப் போனது. அந்தக் காலகட்டத்துக்குப் பிறகு இந்த ஏற்பாடு பெரிதாக வளர்ந்தது. எனவே தொடரின் பெயரால் தேடாமல் பாடகரின் பெயரால் தேடுங்கள்.

கிடைத்ததும் நீளத்தைப் பாருங்கள். ஒன்றரை நிமிடம் என்றால் டிவி சைஸ். பாடகர் பெயர் பொருந்தவில்லை என்றால் வேறு யாரோ பாடிய பிரதி. அதுவும் நன்றாக இருக்கலாம், ஆனால் முதலில் மூலத்தைக் கேளுங்கள். ‘ஆஃப் வோகல்’ என்று போட்டிருந்தால் குரல் நீக்கிய வடிவம், கூடப் பாடிப் பழக அதுதான் வேண்டும். எழுத்து ஓடாத சுத்தமான முகப்புக் காட்சியைத் தயாரிப்பு நிறுவனங்களே தங்கள் யூட்யூப் பக்கத்தில் ‘நான்-க்ரெடிட்’ என்ற பெயரில் போடுவதுண்டு. ஒரு எச்சரிக்கை: நீங்கள் இன்னும் எட்டாத பருவத்தின் ஓ.பி.யைத் திறக்காதீர்கள். யார் உயிரோடு இருக்கிறார், யார் பக்கம் மாறினார் என்று முதல் பத்து விநாடியிலேயே காட்டிவிடும்.

படி 8: தமிழ் எழுத்தில் எழுதிப் பாடுங்கள்

இந்தப் படிக்கு வருகிறவர்கள் குறைவு. நம்மிடம் இருக்கும் ஒரு வசதி தெரியாததுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

ஜப்பானிய வரிகளைப் பெரும்பாலோர் ஆங்கில எழுத்தில் தேடிப் படிக்கிறார்கள். ஆங்கில எழுத்தில் நெடில் சரியாகத் தெரியாது. ஜப்பானியத்திலோ குறிலும் நெடிலும் மாறினால் சொல்லே மாறும். ‘ஒஜிசன்’ என்றால் மாமா, சித்தப்பா. ‘ஒஜீசன்’ என்றால் தாத்தா. எ-ஏ, ஒ-ஓ வேறுபாடும் நம் எழுத்தில் தெளிவாக இருக்கிறது. இரட்டிக்கும் மெய்யும் அப்படியே: ‘கிட்டொ’ என்று எழுதினால் எங்கே நின்று போக வேண்டும் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அவர்கள் பாட்டைக் கட்டுவதும் மாத்திரைக் கணக்கில்தான். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, நம் இலக்கணத்தில் உள்ளபடியே. ஒரே ஒரு வேறுபாடு: நமக்கு ஒற்றுக்கு அரை மாத்திரை, அவர்களுக்கு ஒன்று. ‘தென்ஷி’ என்ற சொல்லை நாம் இரண்டு அசையாகப் பாடிவிடுவோம். அவர்கள் தெ, ன், ஷி என்று மூன்று இடம் கொடுப்பார்கள். பல பாடல்களில் அந்த ‘ன்’ தனக்கென்று ஒரு சுரத்தோடு ஒலிக்கும். கூடப் பாடும்போது தாளம் உங்களை விட்டு ஓடினால், எங்கோ ஒரு ஒற்றை விழுங்கிவிட்டீர்கள் என்று பொருள்.

நம் எழுத்தில் ஒரு குறையும் உண்டு. சொல்லின் நடுவில் வரும் க-வை நாம் மெலிதாக்கிவிடுவோம். ‘ஹிகரி’ என்று எழுதிவிட்டு வாசித்தால் வேறு சொல்லாகக் கேட்கும். அந்த க ‘கடல்’ என்பதன் க. ‘க்க’ என்று எழுதினால் ஒரு மாத்திரை கூடிவிடும். நான் செய்வது, அழுத்திச் சொல்ல வேண்டிய எழுத்தின் கீழே பென்சிலில் ஒரு கோடு. அதுபோல ‘ஸ்’ அதிர்ந்து வரும் இடத்துக்கு மேலே ஒரு புள்ளி, ‘கஸெ’ என்னும் சொல்லில் வருவது மாதிரி.

எழுதிய பிறகு சொற்களைப் பாருங்கள். இந்தப் பாடல்களில் திரும்பத் திரும்ப வரும் சொற்கள் பத்துப் பன்னிரண்டுதான்: யுமெ, கனவு. ஹிகரி, ஒளி. சொர, வானம். கஸெ, காற்று. த்சுபஸ, சிறகு. கொகொரொ, மனம். நமித, கண்ணீர். கிஸுன, பிணைப்பு. கிமி, நீ. பொகு, நான் (பெரும்பாலும் சிறுவனோ இளைஞனோ சொல்லும் நான்). இவை தெரிந்தாலே அடுத்த பாட்டில் காதில் விழும்போது நின்று திரும்பிப் பார்ப்பீர்கள்.

அண்ணன் மகள் ஊருக்குப் போகும் முன் ‘கமாடோ டான்ஜிரோவின் பாட்டை’ ஒரு நோட்டில் எழுதி முடித்தாள். இரண்டு பக்கம். எங்கள் வீட்டுப் பால்கனியில் நின்று ஆஃப் வோகலைப் போட்டுக்கொண்டு மூன்று மாலை பாடினாள். ஓர் இடத்தில் மட்டும் ஒவ்வொரு தடவையும் நிறுத்தி, மூலத்தை ஒரு முறை கேட்டுவிட்டு மறுபடி தொடங்கினாள். நீங்களும் முதல் பாட்டை அவ்வளவு மெதுவாகவே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் ஒரே பாட்டு. அடுத்த வாரம் அதே பாட்டின் மெட்டமைப்பாளர் பெயரை வைத்து ஆறாம் படிக்குத் திரும்புங்கள்.